ஆபீஸ் முழுக்கத் தெரிந்த பாஸ்வேர்டு

ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை கடலோரமாகப் போகிற நெடுஞ்சாலையிலும், அதிலிருந்து திருவொற்றியூர், மணலி பக்கம் பிரிகிற தெருக்களிலும் உள்ள சின்ன ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் பார்ப்பது என் தொழில். கிளியரிங் ஏஜென்ட், கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டும் டிரான்ஸ்போர்ட், லேத் பட்டறை, ஐஸ் ஃபேக்டரி, காசிமேட்டில் இறாலும் கணவாயும் ஏலம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறவர்கள், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர்கள் என்று பலதரப்பட்ட ஆட்கள். வருஷத்துக்கு இவ்வளவு என்று பேசி ஏ.எம்.சி. எடுத்துக்கொள்வோம். தொழிலுக்கு வந்த புதிதில் எல்லாமே கைவேலை. ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி வந்து சிஸ்டம் அசெம்பிள் செய்வது, உப்புக் காற்றில் பச்சை பிடித்த ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுவது, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு ரிப்பன் மாற்றுவது. கடல் பக்கத்து ஆபீஸில் மதர்போர்டுக்கு ஆயுள் குறைவு. அந்த உப்புக் காற்றைத்தான் நாங்கள் எதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது வருகிற போன்கள் வேறு மாதிரி. “தம்பி, ஒரு ஃபைலும் திறக்க மாட்டேங்குது, பேரெல்லாம் மாறிக் கெடக்குது.” “அண்ணே, பார்ட்டிக்குப் பணம் போட்டாச்சு, அவன் வரவே இல்லன்றான்.” “சார், என் நம்பர்லேர்ந்து எல்லாருக்கும் ஏதோ மெசேஜ் போகுதாம்.” இந்த மூன்றும் எங்கள் பகுதியில் இன்று சாதாரணம். அப்படிக் கூப்பிடுகிறவர்களில் பலர், அதற்கு முன்பு நான் பாதுகாப்பு பற்றிப் பேச்செடுத்தபோது ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்: “நம்மகிட்ட இன்னா இருக்குது, நம்மள எவன் வந்து பாக்கப் போறான்?”

இந்தக் கேள்விக்குள் ஒரு தப்பான படம் இருக்கிறது. எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து யார் பணக்காரன் என்று தேடி, நம்மைத் தேர்ந்தெடுத்து வரவேண்டும் என்று நினைக்கிறோம். நடப்பது அப்படியில்லை. இணையத்தில் இருக்கிற ஒவ்வொரு முகவரியையும் இரவு பகலாகத் தட்டிப் பார்ப்பதற்கென்றே புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறவருடைய முகவரியும், அவர் வேலை எடுத்துச் செய்கிற பெரிய தொழிற்சாலையின் முகவரியும் அந்தப் புரோகிராமுக்கு ஒன்றுதான். எது திறந்துகொள்கிறதோ அதற்குள் போகும். உள்ளே இருப்பவர் யார் என்று பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

2017ஆம் வருஷத்தின் நடுப்பகுதியை நான் மறக்கமாட்டேன். மே 12, வெள்ளிக்கிழமை, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது. மறுநாள் ஒரகடத்தில் உள்ள ரெனோ–நிசான் கார் தொழிற்சாலையையும் அது தொட்டது என்று செய்தி வந்தது. விண்டோஸில் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாக அப்டேட் போடாத மெஷின்கள்தான் மாட்டிக்கொண்டன. எங்கள் பகுதியில் முக்கால்வாசி ஆபீஸில் அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பார்கள். ஒன்று, நெட் மெதுவாகிறது என்பார்கள். இல்லையென்றால் போட்டிருப்பது க்ராக் விண்டோஸாக இருக்கும். அந்த வார இறுதியில் நாங்கள் பென்டிரைவும் கையுமாகத் தெருத்தெருவாக அலைந்தோம். ஜூன் 27ஆம் தேதி அடுத்தது வந்தது, நாட்பெட்யா. ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தது. அதுவரை இணையத்தின் பக்கமே போகாமல் பில் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்த பட்டறைக்காரர்கள்கூட அந்த மாதம் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அந்த மாதம் எனக்கு நல்ல வியாபாரம். வாங்கிக் கொடுத்த ஒவ்வொரு மெஷினும் புதிதாகத் திறக்கிற ஒரு கதவு என்பதும் அந்த மாதம்தான் மனசில் உறைத்தது.

நாட்பெட்யாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற எங்களுக்கு அதைவிட நெருக்கமான பாடம் கிடையாது. அது கிளம்பிய இடம் ஒரு சின்னக் கம்பெனி. உக்ரைனின் கீவ் நகரத்தில் குடும்பத் தொழிலாக நடந்துவந்த ஒரு மென்பொருள் நிறுவனம், எம்.இ.டாக் என்ற கணக்கு புரோகிராமை விற்றுவந்தது. நம் ஊரில் டேலி எப்படியோ, அங்கே வரி கட்டுகிறவர்களுக்கு அது அப்படி. அந்தக் கம்பெனியின் அப்டேட் சர்வருக்குள் ஆட்கள் புகுந்து, அப்டேட்டோடு சேர்த்து நாசத்தையும் அனுப்பிவிட்டார்கள். ஒடெசா துறைமுக நகரத்தில் இருந்த மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் ஆபீஸில், ஒரே ஒரு கம்ப்யூட்டரில் அந்தப் புரோகிராம் இருந்தது. அது போதுமானதாக இருந்தது. அன்றைக்கு உலகத்தின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனமாக இருந்த மேர்ஸ்க்கில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக நிறுவவேண்டி வந்தது என்று அதன் தலைவரே மறுவருஷம் பொதுமேடையில் சொன்னார். மும்பைக்குப் பக்கத்தில் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய டெர்மினலும் நின்றது. கன்டெய்னர் எங்கே இருக்கிறது, யாருடையது, எந்த லாரியில் ஏறவேண்டும் என்று சொல்ல மெஷின் இல்லை. கேட்டுக்கு வெளியே டிரெய்லர்கள் வரிசையாக நின்றால் என்ன ஆகும் என்பதை எண்ணூர் நெடுஞ்சாலைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கடைசியில் மேர்ஸ்க்கைக் காப்பாற்றியது கானாவில் ஏற்பட்ட ஒரு பவர் கட். யார் யார் நெட்வொர்க்குக்குள் வரலாம் என்ற பட்டியலை வைத்திருக்கும் சர்வர்கள் உலகம் முழுக்க இருந்தும் எல்லாம் அழிந்துவிட்டன. கானா ஆபீஸில் அந்த நேரம் கரன்ட் இல்லாததால் அங்கிருந்த ஒன்று மட்டும் தப்பியது. அதை வைத்துத்தான் மற்றதையெல்லாம் எழுப்பினார்கள். நெட்வொர்க்கோடு தொட்டுக்கொண்டிருக்காத ஒரே ஒரு பிரதி ஒரு நிறுவனத்தையே மீட்டது. இந்த விஷயத்துக்குப் பின்னால் திரும்ப வருகிறேன்.

எங்கள் ஆபீஸ்கள் எப்படி நடக்கின்றன என்பதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். இங்கே தொழில் நம்பிக்கையில் ஓடுகிறது. இம்போர்ட் செய்கிற முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அவர் பையில் இருக்காது. தம்புச்செட்டித் தெருவில் ஏதோ ஒரு ஆபீஸின் மேஜை டிராயரில், ரப்பர் பேண்டு போட்ட கட்டுக்குள், இன்னும் பல டோக்கன்களோடு கிடக்கும். அதன் ‘பின்’ நம்பர் அதன் மேலேயே ஒட்டியிருக்கும். கஸ்டம்ஸ் போர்ட்டலான ஐஸ்கேட்டின் பாஸ்வேர்டு, சரக்கு அனுப்பப் போடுகிற இ-வே பில்லின் பாஸ்வேர்டு, ஆபீஸ் மெயில் பாஸ்வேர்டு எல்லாம் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதியிருக்கும். ஆடிட்டர் ஆபீஸ் பையனுக்குத் தெரியும், டெஸ்பாட்ச் பார்க்கிறவருக்குத் தெரியும், போன வருஷம் வேலையை விட்டுப் போன பெண்ணுக்கும் தெரியும். இ-வே பில்லுக்கும் இ-இன்வாய்ஸுக்கும் ஓ.டி.பி. கட்டாயம் என்று 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் வந்துவிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் முதலாளி போனுக்கு வரும் அந்த ஓ.டி.பி., அடுத்த நிமிஷம் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழும். அதே போர்ட்டலில் ஒவ்வொரு ஊழியருக்கும் தனித்தனி சப்-யூசர் போட்டுக்கொள்ள வழி இருக்கிறது. போட்டுக்கொண்டவர்கள் குறைவு.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. லாரி நடு ராத்திரியில் கேட்டில் நிற்கும்போது பில் போடுகிற பையன் யாரைக் கேட்டுக்கொண்டிருப்பான்? வேலை நடக்கவேண்டும் என்பதற்காகத்தான் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மனிதர்களுக்குள் அந்த நம்பிக்கை இருப்பது நல்லது. எனக்குக் கவலை தருவது வேறு. பணம் போன அன்றைக்கு அந்த நம்பிக்கை எங்கே போய் மோதுகிறது என்பதைப் பார்த்திருக்கிறேன்.

ராயபுரத்தில் மெஷின் ஸ்பேர் இறக்குமதி செய்கிற ஒரு ஆபீஸ். வெளிநாட்டு சப்ளையர் பழைய ஆள், பல வருஷப் பழக்கம். முன்பணம் கொடுத்து, மீதியை, சரக்கு கப்பலில் ஏறியதற்கான பி.எல். (பில் ஆஃப் லேடிங்) காப்பி வந்ததும் அனுப்புவார்கள். ஒருமுறை பி.எல். காப்பி வந்த அன்றே, அதே மெயிலுக்குப் பதில் போலவே இன்னொரு மெயில் வந்தது: எங்கள் வங்கிக் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்த முறை கீழே உள்ள கணக்குக்கு அனுப்புங்கள். இன்வாய்ஸும் புதிதாக இணைக்கப்பட்டிருந்தது. அதே லெட்டர்ஹெட், அதே கையெழுத்து, அதே சீல். மெயில் முகவரியில் மட்டும், ஆங்கில ‘எம்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி நின்றன. சின்ன எழுத்தில் பார்த்தால் எம் என்றே தோன்றும். கணக்கெழுதும் பெண் வங்கிக்கு வேண்டிய காகிதங்களைத் தயார் செய்தார், முதலாளி கையெழுத்துப் போட்டார், பணம் போனது. பத்து நாள் கழித்து சப்ளையர், “பணம் எங்கே?” என்று கேட்டார். அதற்குள் கன்டெய்னர் சி.எஃப்.எஸ். என்கிற கன்டெய்னர் கிடங்கில் வந்து இறங்கிவிட்டது. டாக்குமென்ட்டை சப்ளையர் விடவில்லை. போன பணத்தோடு, கன்டெய்னரைத் தாமதிப்பதற்கான டிடென்ஷனும் இடத்துக்கான கிரவுண்ட் ரென்ட்டும் நாளுக்கு நாள் ஏறின.

என்னைக் கூப்பிட்டபோது அந்த ஆபீஸில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். பி.எல். வந்த அன்றே, பாக்கித் தொகை எவ்வளவு என்று சரியாகத் தெரிந்து ஒருவன் மெயில் போடுகிறான் என்றால், உள்ளே யாரோ சொல்லியிருக்கவேண்டும். உள்ளே என்றால் அந்தப் பெண். காகிதம் தயார் செய்தது அவர்தானே. முதலாளி கெட்டவர் இல்லை. அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு முன்னின்று உதவியவர். ஆனாலும் என் முன்னாலேயே கேட்டார்: “உண்மைய சொல்லிடும்மா, யார்கிட்ட சொன்ன?” அந்தப் பெண் பதில் பேசவில்லை. மறுநாள் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உட்காரச் சொல்லியும் உட்காராமல், வாசல் பக்கம் நின்றுகொண்டே, “எம்பொண்ணு மேல ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க தம்பி, அது போதும்” என்றார். அவர் என்னைப் பார்த்துச் சொன்னது, மெஷினுக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில்.

மெயில் செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு ஃபில்டர் இருந்தது. இன்வாய்ஸ், பேமென்ட் என்ற சொற்கள் வருகிற எந்த மெயிலும் யாருக்கும் தெரியாமல் ஒரு அந்நிய முகவரிக்கு நகலாகப் போய்க்கொண்டிருந்தது. பல வாரங்களாக ஒருவன் அந்த ஆபீஸின் கடிதப் போக்குவரத்து முழுவதையும் உட்கார்ந்து படித்திருக்கிறான். விலை பேசியது, தள்ளுபடி கேட்டது, கப்பல் கிளம்பிய தேதி எல்லாம் அவனுக்குத் தெரியும். சரியான நாளுக்காகக் காத்திருந்தான். உள்ளே ஆள் வேண்டியதே இல்லை. இதை முதலாளிக்குத் திரையில் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. ஆனால் அடுத்த கேள்வியும் நியாயமானதுதான்: “சரி, பாஸ்வேர்டு அவனுக்கு எப்படிப் போச்சு?” அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காரணம், அந்த மெயிலுக்கு ஒரே பாஸ்வேர்டு, அது ஆபீஸ் முழுக்கத் தெரியும், பல மெஷின்களில், பல போன்களில் திறந்திருந்தது. யார் மெஷின் வழியாகப் போனது என்று பிரித்துச் சொல்ல எந்தத் தடயமும் இல்லை. அந்தப் பெண் குற்றவாளி இல்லை என்று நான் சொன்னேன். நிரூபித்துக் காட்ட முடியவில்லை. சில மாதங்களில் அவர் வேலையை விட்டுவிட்டார். பணமும் திரும்பவில்லை.

இதே மாதிரி ஒரு நிலைமையில் ஒரு பெரிய நிறுவனம் எப்படி நின்றது என்று பாருங்கள். 1904இல் கும்பகோணத்தில் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பப் பயன்படும் ஸ்விஃப்ட் சிஸ்டத்துக்குள் 2018 பிப்ரவரியில் ஆட்கள் நுழைந்து, கிட்டத்தட்ட 20 லட்சம் டாலரை துபாய், துருக்கி, சீனா என மூன்று இடங்களுக்கு அனுப்ப முயன்றார்கள். ஸ்விஃப்ட்டோடு இணைந்திருந்த பிரிண்டரை முதலில் செயலிழக்க வைத்திருந்தார்கள். அனுப்பிய பணத்துக்கான ஒப்புகைத் தாள் அச்சாகவில்லை. மறுநாள் காலை வழக்கமான கணக்கு சரிபார்ப்பில் விஷயம் வெளியே வந்தது. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலரை உடனே நிறுத்தவும் முடிந்தது. ஊழியர்கள் மேல் சந்தேகம் விழக்கூடிய நேரம் அது. வங்கி அறிக்கை விட்டு, இது சர்வதேச இணையக் குற்றவாளிகளின் வேலை, ஊழியர்கள் சம்பந்தப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னது. அப்படிச் சொல்ல ஒரு வங்கியிடம் பதிவுகள் இருக்கும். யார் எப்போது எந்தப் பெயரில் உள்ளே வந்தார், என்ன செய்தார் என்று எடுத்துப் பார்க்க முடியும். ராயபுரத்து ஆபீஸில் பதினெட்டாயிரம் சம்பளம் வாங்குகிற பெண்ணுக்காக அப்படிப் பேச அங்கே ஒரு வரிப் பதிவுகூட இல்லை.

அதனால்தான் நான் பாதுகாப்பு என்ற பேச்சை முதலாளிகளிடம் பணத்தில் ஆரம்பிப்பதில்லை. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்று வைப்பது ஊழியர் மேல் உள்ள சந்தேகத்தினால் இல்லை. சந்தேகம் வரும் நாளில் அவரைக் காப்பாற்றத்தான். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு உடனே புரிகிறது. ஹேக்கர், மால்வேர் என்றெல்லாம் பேசினால் கொட்டாவி விடுகிறவர்கள், “உங்க பொண்ணு மாதிரி வேலை பாக்குதே, அது மேல நாளைக்குப் பழி விழுந்தா?” என்றால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கணினி அவசரநிலைகளுக்கான அரசு அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28இல் விட்ட உத்தரவில், சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் சொல்லவேண்டும், சிஸ்டம் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. சிறு குறு நிறுவனங்களுக்கு அந்த வருஷம் செப்டம்பர் 25 வரை அவகாசமும் கொடுத்தார்கள். என் பகுதியில் அப்படி ஒரு உத்தரவு இருப்பது தெரிந்தவர்கள் மிகக் குறைவு. தெரியவந்தால் அதை இன்னொரு இன்ஸ்பெக்டர் தொல்லையாகப் பார்ப்பார்கள். எனக்கோ அந்த 180 நாள் பதிவு, அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு நான் கொடுத்திருக்கக்கூடிய பதில்.

பழி ஒருவர் மேல் விழுவதைப் பற்றி இன்னொரு கதை. இங்கிலாந்தில் கே.என்.பி. லாஜிஸ்டிக்ஸ் என்று ஒரு லாரிக் கம்பெனி இருந்தது. 158 வருஷப் பழமை, 500 லாரி. 2023 ஜூனில் ரான்சம்வேர் ஆட்கள் உள்ளே புகுந்து எல்லாக் கணக்கையும் பூட்டினார்கள். அந்த வருஷம் செப்டம்பருக்குள் கம்பெனியே மூடப்பட்டு 700 பேருக்கு வேலை போனது. ஒரு ஊழியரின் பலவீனமான பாஸ்வேர்டை ஊகித்து நுழைந்திருக்கவேண்டும் என்பது கம்பெனிக்காரர்கள் வந்த முடிவு. அந்தப் பாஸ்வேர்டு யாருடையது என்பதை அந்த ஊழியரிடம் தான் சொல்லவில்லை என்று நிர்வாகி ஒருவர் பின்னால் தொலைக்காட்சியில் சொன்னார். அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது. 700 பேரின் வேலை ஒருவர் தலையில் விழக்கூடாது என்று அவர் நினைத்திருக்கிறார். ஆனால் ஒரு பாஸ்வேர்டு போனால் கம்பெனியே போகும்படி ஏற்பாடு இருந்தது யாருடைய பொறுப்பு என்பதையும் நாம் கேட்கவேண்டும்.

இப்போது கானா விஷயத்துக்கு வருகிறேன். 2020 ஊரடங்கில் திருவொற்றியூரில் ஒரு பட்டறை. பகுதி நேரமாகக் கணக்கெழுதுகிறவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கவேண்டும் என்று, யாரோ ஒரு பையன் ஆபீஸ் மெஷினில் ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்கு நேராகத் திறந்து விட்டிருந்தான். ஊரடங்கு முடிந்தும் அது மூடப்படவில்லை. முதலில் சொன்னேனே, தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள், அவை ஒரு ராத்திரி பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துவிட்டன. காலையில் டேலி ஃபோல்டர், எக்ஸெல், டிராயிங் ஃபைல்கள் எல்லாவற்றுக்கும் வால் முளைத்திருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு குறிப்பு. ஜி.எஸ்.டி. 3பி கட்டவேண்டிய 20ஆம் தேதிக்குச் சில நாள்தான் இருந்தது. “பேக்கப் இருக்குது தம்பி, தினமும் எடுக்குறோம்” என்று முதலாளி நம்பிக்கையாகச் சொன்னார். பார்த்தால் பேக்கப் பென்டிரைவ் சி.பி.யூ.விலேயே செருகிக் கிடந்தது. அதற்குள் இருந்ததும் பூட்டப்பட்டிருந்தது. சதா மெஷினோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பிரதி, பிரதியே இல்லை. கானா சர்வர் தப்பியது கரன்ட் போய் விலகி நின்றதால்தான்.

அந்தப் பட்டறைக் கணக்கை எப்படி மீட்டோம் என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு உபயோகப்படும். விற்பனை பில்கள் ஜி.எஸ்.டி. போர்ட்டலில் ஏற்கெனவே ஏற்றிய ஜி.எஸ்.டி.ஆர்-1இல் கிடைத்தன. வாங்கிய பில்கள், விற்றவர்கள் ஏற்றியதை வைத்து 2பி-யில் வந்தன. வங்கியில் ஸ்டேட்மென்ட் வாங்கினோம். இ-வே பில்கள் போர்ட்டலில் இருந்தன. மீளாதது ஜாப் ஒர்க் கணக்கு. பெரிய கம்பெனிகள் தங்கள் இரும்பை டெலிவரி சலானில் அனுப்பி, கடைந்து தரச் சொல்வார்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு திரும்பியது, துருவல் எவ்வளவு என்ற கணக்கு அந்த மெஷினில் மட்டும்தான் இருந்தது. சலான் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு முதலாளியும் அவர் மனைவியும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினார்கள். சில சலான்கள் மழையில் நனைந்து மை கரைந்திருந்தன. கணக்கில் வராத இரும்பின் நஷ்டத்தை அவர்கள் கையிலிருந்து கொடுத்தார்கள், ஏனென்றால் கம்பெனியோடு வழக்காடினால் அடுத்த ஆர்டர் கிடையாது.

பணம் கேட்டால் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கொடுத்தவனுக்குச் சாவி வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வந்தாலும், பணம் தருகிற ஆள் என்று பெயர் ஏறிவிடும். ஐரோப்பியப் போலீஸும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ என்ற தளத்தில் சில வகைகளுக்கு இலவசமாகச் சாவி கிடைக்கிறது. பூட்டிய ஃபைல்களை அழித்துவிடாமல் ஒரு டிஸ்க்கில் எடுத்து வைக்கச் சொல்வது அதனால்தான். இன்றைக்கு இல்லாத சாவி நாளைக்கு வரலாம். இந்த வகைகளில் மிகவும் பரவிய ஸ்டாப் என்ற குடும்பம் பெரும்பாலும் க்ராக் சாஃப்ட்வேர் வழியாகத்தான் வந்தது. க்ராக் போடுகிறபோது, “ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும்” என்று எழுதியிருக்கும். நாமும் நிறுத்துவோம். நான் இப்போது க்ராக் போட்ட மெஷினுக்கு ஏ.எம்.சி. எடுப்பதில்லை. அதனால் சில வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள்.

லாரிக்காரர்களுக்கு வருவது வேறு வகை. வாட்ஸ்அப்பில் ‘உங்கள் வண்டிக்கு அபராதம்’ என்று வண்டி நம்பரோடு மெசேஜ் வரும். கூடவே, போனில் ஆப்பை நிறுவும் ஒரு ஏ.பி.கே. ஃபைல். டிரெய்லர் ஓட்டுகிறவருக்கு அபராதம் புதிதில்லை, சட்டென்று திறப்பார். அந்த ஆப் எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். கொடுத்த நொடியிலிருந்து வங்கி ஓ.டி.பி. எல்லாம் வேறொருவனுக்கும் போகும். அபராதமோ கல்யாணப் பத்திரிகையோ ஏ.பி.கே.யாக வராது என்பதை ஒவ்வொரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸிலும் டிரைவர்கள் படி வாங்குகிற இடத்தில் ஒட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். பணம் போய்விட்டால் முதல் வேலை 1930க்குப் போன் செய்வது, எனக்குச் செய்வது இரண்டாவது. அங்கே புகார் பதிவானால் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே தகவல் போகும். அந்தக் கணக்கில் பணம் இன்னும் இருந்தால் அப்படியே நிறுத்தி வைப்பார்கள். திருடியவன் அதை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றிக்கொண்டே போவான், ஆகவே முதல் மணி நேரம் முக்கியம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி, தன் தவறில்லாமல் மூன்றாம் ஆள் செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொன்னால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை, ஓ.டி.பி.யைத் தானே கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும்வரை போனதெல்லாம் அவருடைய நஷ்டம். ஓ.டி.பி.யை வாட்ஸ்அப் குரூப்பில் போடும் பழக்கத்தை இந்த ஒரு வரிக்காகவே நிறுத்தவேண்டும்.

இன்னொன்றையும் எங்கள் பகுதி இளைஞர்களுக்குச் சொல்லவேண்டும். கம்பெனி பேரில் உள்ள கரண்ட் அக்கவுண்டைக் கொஞ்ச நாளைக்குக் கொடு, கமிஷன் தருகிறேன் என்று வருகிறவர்கள் உண்டு. திருட்டுப் பணம் ஓடுவது அந்தக் கணக்குகளில்தான். கணக்கை முடக்குவது வேறு மாநிலப் போலீஸாக இருக்கும். போய் நிற்கவேண்டியது கணக்குக்காரர்.

என்ன செலவாகும் என்று கேட்பார்கள். இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொல்கிறேன். ஒன்று வாரத்தின் பாதி, மற்றது மறுபாதி. பேக்கப் எடுத்ததும் கழற்றி, ஒன்றை முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போகவேண்டும். ஒரு கன்டெய்னர் சில நாள் டிடென்ஷனில் நின்றால் ஆகிற செலவுக்குள் இது முடிந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தபோது, மெஷின் மூழ்கிய ஆபீஸ்களில் மறு வாரமே பில் போட ஆரம்பித்தவர்கள் டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள்தான். சப்ளையரின் வங்கிக் கணக்கு மாறினால், மெயிலில் இருக்கிற நம்பருக்குப் பேசாமல், பழைய நம்பருக்குப் போன் போட்டுக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் பணம். இதற்குச் செலவு ஒரு ஐ.எஸ்.டி. கால். மெயிலுக்குப் பாஸ்வேர்டோடு இரண்டாம் பூட்டும் போடுவதற்குக் காசே இல்லை. ரிமோட் டெஸ்க்டாப் நேராகத் திறந்திருந்தால் இன்றே மூடவேண்டும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்துவிட்டது; பழைய மெஷின்கள் பலவற்றில் 11 ஏறாது. கணக்கும் வங்கியும் பார்க்கிற மெஷினை மட்டுமாவது முதலில் மாற்றுங்கள், குடோனில் லேபிள் அடிக்கிற மெஷின் இணையம் இல்லாமல் ஓடட்டும் என்று சொல்லி வருகிறேன்.

முதலாளிகள் தயங்குகிற இடம் ஆளுக்கொரு லாகின். மெயிலுக்கு ஆள் கணக்கில் மாதக் கட்டணம், டேலியில் பல பேர் சேர்ந்து வேலை செய்ய விலை கூடிய லைசென்ஸ், வங்கியில் பாரம் நிரப்பும் அலைச்சல். அதில்தான் நான் விடாமல் பேசுகிறேன். அவசரத்துக்கு ஒருவர் பாஸ்வேர்டை இன்னொருவர் கேட்கும் நாளும் வரும். கொடுத்தால் அன்று மாலையே மாற்றிவிடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வேலையை விட்டுப் போகிறவரின் லாகினை அவர் கடைசிச் சம்பளம் வாங்குகிற அன்றே நிறுத்தினால் அவருக்கும் நிம்மதி. பிறகு நடப்பது எதுவும் அவர் மேல் வராது.

அந்த ராயபுரத்து ஆபீஸை விட்டுப் போன பெண், இப்போது காசிமேட்டுப் பக்கம் கடலுணவு அனுப்பும் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். அங்கே சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குப் போன் செய்து, “சார், இங்க எனக்குன்னு தனி மெயில், டேலில தனி யூசர் போட்டுக் குடுக்கணும், முதலாளிகிட்ட பேசிட்டேன்” என்றார். போய்ச் செய்து கொடுத்தேன். நெட் பேங்கிங்கில் பணம் அனுப்பப் பதிவு செய்கிற மேக்கர், அதை ஒப்புக்கொள்கிற செக்கர் என்று இரண்டு அதிகாரம் உண்டு. முதலாளி அடிக்கடி படகுத்துறைக்குப் போய்விடுகிறவர், இரண்டையும் அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிடலாம் என்றார். அவர் சம்மதிக்கவில்லை. “எனக்கு மேக்கர் போதும்ண்ணே. செக்கர் உங்க போன்லயே இருக்கட்டும். நீங்க ஏலத்துல நின்னாலும் ஒரு தடவ பாத்து அமுத்துங்க.” முதலாளி போனை எடுத்து நீட்டினார். வங்கி ஆப்பை இறக்கி, எப்படிப் பார்த்து ஒப்புதல் கொடுப்பது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.